எண்ணிக்கைக்குள் மறைந்த மீன்: காவிரியின் திமில் மகசீர்

கர்நாடகத்தில், காவிரிக் கரையில் இருந்த காலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை ஒரு பதிவேடு தொடர்ந்து எழுதப்பட்டு வந்தது. வந்தவர் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மகசீர் சிக்கின, ஒவ்வொன்றும் என்ன எடை என்று குறித்துக்கொண்டு, மீனை உயிரோடு ஆற்றில் விட்டுவிடுவது அங்கே வழக்கம். பின்னாளில் ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது 23,620 மணி நேரமும் 6,161 மீன்களும் கணக்கில் வந்தன. குறிப்பிட்ட நேரத்துக்குள் சிக்கும் மீன்களின் எண்ணிக்கை காலப்போக்கில் கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. ஆற்றில் இளம் மீன்கள் பெருகுகின்றன, இனம் தழைக்கிறது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடியும். நம் ஆற்று மீன்களைப் பற்றி இப்படியொரு நல்ல செய்தி கிடைப்பது அரிது. ஆனால் அதே பதிவுகளை, சிக்கியது எந்த வகை மகசீர் என்று பிரித்துப் படித்ததும் படம் தலைகீழானது. பெருகியிருந்தது நீலத் துடுப்பு கொண்ட வகை. அது காவிரியில் பிறந்த இனமே அன்று. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் தேய்ந்துகொண்டே போயிருந்தது. மகசீர் என்று ஒரே தலைப்பில் எண்ணியதால் ஓர் இனத்தின் வீழ்ச்சி இன்னொன்றின் பெருக்கத்துக்குள் ஒளிந்துகொண்டது. காவிரி மகசீரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அரை நூற்றாண்டாக நடந்த முயற்சிகளில் பெரும்பகுதி, எந்த மீனைக் காக்கிறோம் என்று கேட்காமலே நடந்தது. அந்தக் கேள்வியைக் கேட்காதவரை இனிச் செய்யப்போவதும் இதே வழியில்தான் போகும் என்பது என் வாதம்.

முதலில் மீனைப் பார்த்துவிடலாம். மகசீர்கள் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இமயமலை அடிவாரம் முதல் இந்தோனேசியா வரை பாறையும் வேகமும் உள்ள ஆறுகளில் வாழ்பவை. உள்ளங்கை அளவுக்கு வளரும் தடித்த செதில்கள், முன்னோக்கி நீளும் வாய், சதைப்பற்றான உதடுகள், வாயோரம் இரண்டு இணை மீசைகள் ஆகியவை இவற்றின் பொது அடையாளம். கெண்டைகளுக்குத் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் நண்டையும் நத்தையையும் நொறுக்கித் தின்கின்றன. கரையோர அத்தி மரங்களிலிருந்து விழும் பழமும் இவற்றுக்கு இரை. காவிரியில் தூண்டில்காரர்கள் கேழ்வரகு மாவை வேகவைத்து உருட்டிக் கொக்கியில் கோத்ததும் இந்த எதையும் தின்னும் இயல்பை நம்பித்தான். திமில் மகசீரைத் தனித்துக் காட்டுபவை இரண்டு. தலை முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும் மேடு ஒன்று. செம்மஞ்சள் படர்ந்த துடுப்புகள் மற்றொன்று. வால் துடுப்பில் அந்த நிறம் எடுப்பாகத் தெரியும். வளர்ச்சியும் பிரமிக்க வைப்பது. 1946-ல் மைசூருக்கு அருகே கபினி ஆற்றில், விலங்குகளைப் பாடம் செய்வதில் பெயர் பெற்ற வான் இங்கென் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. தூண்டிலில் சிக்கிய மகசீர்களில் உலகச் சாதனையாக இன்றும் பேசப்படுவது அதுதான்.

இவ்வளவு பெரிய, இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் அடையாளம் இல்லாமல் இருந்தது என்பதை நம்புவது கடினம். கங்கைச் சமவெளியின் மகசீர்களை ஹாமில்டன் 1822-லேயே விவரித்துவிட்டார். தக்காணத்து நீலத் துடுப்பு மகசீரைப் புனேயை ஒட்டிய ஆற்றிலிருந்து சைக்ஸ் 1839-ல் விவரித்தார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி 1873-ல் ஒரு நூலே வெளியிட்டார். அதில் மகசீருக்குத்தான் முதல் மரியாதை. ஆயினும் காவிரியின் திமில் மீன் எந்த இனம் என்பதில் குழப்பம் தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதற்கு முசுல்லா என்ற பெயரைப் பொருத்தினார்கள். அந்தப் பெயர் உண்மையில் வேறொரு பேரினத்தைச் சேர்ந்த மீனுக்கு உரியது என்று பின்னர் தெரிந்தது. முடிச்சை அவிழ்த்தது 2018-ல் ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன் உள்ளிட்டோர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. காவிரிப் படுகையைச் சேர்ந்த மாயாற்றில் கிடைத்த திமில் மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, அவை கேரளத்தின் பாம்பாற்றில் பிடித்த இளம் மீன்களைக் கொண்டு முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி என்ற இனத்தோடு பொருந்தின. பாம்பாறு அமராவதியில் சேர்கிறது, அமராவதி காவிரியில் சேர்கிறது. ஆகவே ஆற்றுவழியும் பொருந்தியது. அதே ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இந்த மீனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்த்தது. அடையாளம் உறுதியாகாத உயிரை அந்தப் பட்டியல் பொதுவாக மதிப்பிடாது. அதனால், மீன் குறைந்துகொண்டிருந்த பத்தாண்டுகளில் அதற்காகச் சட்டத்திடமோ அரசிடமோ முறையிட யாரிடமும் ஆதாரக் காகிதம் இருக்கவில்லை.

பண்ணையில் பொரித்த குஞ்சுகளை ஆற்றில் விடும் திட்டமும், இந்த மீனுக்கு உறுதியான அடையாளம் இல்லாத அதே காலத்தில்தான் நடந்தது. மகசீர்கள் நாடு முழுவதும் குறைகின்றன என்ற கவலை விடுதலைக்குப் பிறகு அணைகள் பெருகியபோதே எழுந்தது. மழைக்காலத்தில் ஆற்றின் மேல்பகுதிக்கு ஏறி, தெளிந்த நீர் ஓடும் கூழாங்கல் தரையில் முட்டையிடும் மீனுக்கு அணை என்பது அடைத்த கதவு. மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவின் நீர்மின் ஏரிகளில் வாழ்ந்த நீலத் துடுப்பு மகசீர்களிலிருந்து சினையையும் விந்தையும் பிழிந்தெடுத்துக் கலந்து, ஓடும் நீர்த் தட்டுகளில் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை டாடா மின் நிறுவனத்தின் மீன் பண்ணை 1970-களில் வென்றெடுத்தது. அதன் பின்னே இருந்த உழைப்பையும் நல்லெண்ணத்தையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகசீரைப் பண்ணையில் பொரிக்க வைக்க முடியுமா என்ற ஐயமே பரவலாக இருந்த காலம் அது. அங்கே பிறந்த விரலிகள் பல மாநிலங்களுக்குக் கொடுக்கப்பட்டன, காவிரிக்கும் வந்தன. வெடிக்கும் வலைக்கும் தப்பிய சில பெரிய மீன்களைத் தவிர ஆறு வெறுமையாகிவிட்டது என்று அஞ்சியவர்கள், கிடைத்த மகசீரைக் கொண்டுவந்து விட்டார்கள். நீலத் துடுப்பு மகசீரின் தாயகம் கிருஷ்ணா ஆற்றுப் படுகை. காவிரிக்கு அது விருந்தாளி என்பதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லாம் மகசீர்தானே என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது.

விளைவைப் பதிவேடு காட்டுகிறது. பிடிபட்ட மகசீர்களில் திமில் மீனின் பங்கு சுருங்கியது என்பது ஒரு பாதிதான். அதைவிடக் கவலைக்குரியது, சிக்கிய திமில் மீன்கள் ஆண்டு செல்லச் செல்ல மேலும் மேலும் பெரியவையாக இருந்ததுதான். தூண்டில் விளையாட்டுக்காரருக்கு இது கொண்டாட்டமாகத் தோன்றலாம். மீனியல் தெரிந்தவர் இதில் வேறொன்றைப் படிப்பார். குழந்தையே பிறக்காத ஊரில் மக்களின் சராசரி வயது ஏறிக்கொண்டே போவது போன்றது இது. பல ஆண்டுகள் வாழும் மீன் என்பதால், இனப்பெருக்கம் நின்றுபோன பிறகும் பெரிய மீன்கள் சிறிது காலம் சிக்கிக்கொண்டேதான் இருக்கும். அவற்றின் இடத்தை நிரப்பச் சிறு மீன்கள் வரவில்லை. நீலத் துடுப்பு மீனிலோ எல்லா அளவும் சிக்கின, சிறியவை ஏராளம். ஒரே ஆறு, ஒரே மடு, ஒரே தூண்டில், ஒரே கேழ்வரகு உருண்டை. ஒன்று தழைக்க, ஒன்று தேய்ந்தது.

இந்தச் சான்றின் மீது முதலில் வரும் மறுப்பு நியாயமானது. தூண்டில் முகாமின் பதிவேடு அறிவியல் கணக்கெடுப்பு ஆகாது. ஆற்றின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. வந்தவரின் திறமை ஆளுக்கு ஆள் மாறும். பெரிய மீனைத் தேடி வருபவர் பெரிய மீன் இருக்கும் மடுவில்தான் தூண்டில் போடுவார். இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் குறைகள் எந்தப் பக்கம் சாய்க்கின்றன என்று பார்க்க வேண்டும். தூண்டில்காரரின் கனவு திமில் மீன்தான். அவர்கள் அதைத் தேடித்தான் வந்தார்கள். உலகின் மறுகோடியிலிருந்து விமானம் ஏறி வந்தவர்களும் உண்டு. தேடல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் அது திமில் மீனின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. திறமை வேறுபாடும் இரண்டு வகைக்கும் பொதுவானது. ஒன்றை மட்டும் குறைத்துக் காட்ட அதற்கு வழியில்லை. அக்காலத்தில் காவிரியில் வேறு எவரும் இவ்வளவு நீண்ட, இடைவிடாத மகசீர் கணக்கை வைத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. திமில் மீனைக் கொன்றது அணையும் வெடியும் மணல் கொள்ளையும் வறட்சியும்தான். விருந்தாளி மீன் மீது பழி போடுவது உண்மைக் குற்றவாளிகளைத் தப்பவிடும் வேலை என்பார்கள். பட்டியல் சரியானது, நீளமானதும்கூட. சிவசமுத்திரத்தில் 1902-லேயே நீர்மின் நிலையம் வந்தது. கண்ணம்பாடி அணை 1930-களின் தொடக்கத்திலும் மேட்டூர் அணை 1934-லும் பவானிசாகர் 1955-லும் கபினி அணை 1974-லும் எழுந்தன. திமில் மீன் ஏறி இறங்கிய ஒவ்வொரு வழியும் அடைபட்டது. கல்குவாரிக்கென்று வாங்கிய தோட்டாவை மடுவில் வீசினால் ஒரு நொடியில் பெரிய மீனும் குஞ்சும் நண்டும் ஒன்றாகச் செத்து மிதக்கும். மிதப்பவற்றில் ஒரு பகுதியைத்தான் அள்ள முடியும், மீதி மூழ்கி அழுகும். ஆற்றில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-லேயே தடை செய்துவிட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தடையைக் காவிரிப் படுகையில் முழுமையாக நடைமுறைப்படுத்த முடியவில்லை என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி. மணல் அள்ளும் இடத்தில் முட்டையிடும் தரையே இல்லாமல் போகிறது. கோடையில் ஆறு மடுக்களாகச் சுருங்கும்போது பெரிய மீனுக்கு ஒளிய இடமில்லை.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. அணையும் வெடியும் மணல் லாரியும் துடுப்பின் நிறம் பார்ப்பதில்லை. அவை மட்டுமே காரணமென்றால் இரண்டு மகசீரும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். ஒன்று பெருகியது. அதுவும் மீன் பிடித்து விடுவதால் ஓரளவு காவல் இருந்த காலிபோரே போன்ற இடத்தில்தான் இந்த வேறுபாடு தெளிவாகப் பதிவானது. விருந்தாளி எப்படி வீட்டுக்காரனை வெளியேற்றியது என்பதற்குப் பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன: ஒரே இரைக்கும் ஒரே முட்டையிடும் தரைக்குமான போட்டி, இனக்கலப்பு, பண்ணையிலிருந்து வரும் நோய். எந்த வழி எவ்வளவு பங்கு வகித்தது என்ற விவாதம் தொடரட்டும். ஆனால் நிகழ்வுகளின் வரிசை தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே அணைகளால் நலிந்திருந்த இனத்தின் மீது, அதே வாழ்க்கைமுறை கொண்ட இன்னொன்று பண்ணையிலிருந்து கொட்டப்பட்டது. அதன் பின் நலிந்தது மேலும் நலிந்தது. அணையை நாளையே இடிக்க முடியாது. குஞ்சு விடுவதை நாளையே நிறுத்த முடியும். இந்தக் காரணத்துக்காகவே பழியைப் பங்கிட்டுப் பார்ப்பது பயனுள்ள வேலை.

இதுவும் மகசீர், அதுவும் மகசீர். ஆற்றில் பெரிய கெண்டை ஒன்று இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மீன் தின்பவருக்கும் விற்பவருக்கும் இது நடைமுறைக் கேள்வி. எள்ளி ஒதுக்கக் கூடாது. முதல் பதில் அளவு சார்ந்தது: காவிரியில் ஐம்பது கிலோவைத் தாண்டிய மகசீர்கள் திமில் இனத்துக்கு உரியவை, நீலத் துடுப்பு மீன் அந்தப் பருமனை எட்டுவதில்லை. இரண்டாவது, நீலத் துடுப்பு மீனுக்குத் தக்காணத்தில் வேறு ஆறுகள் இருக்கின்றன, பண்ணைகளும் இருக்கின்றன. திமில் மீனுக்குக் காவிரிப் படுகையைத் தவிர உலகில் எங்குமே வேறு வீடில்லை. இங்கே போனால் எங்கும் போய்விட்டது. மூன்றாவதாக, வந்த மீன் நன்றாக வாழ்கிறது என்பதே ஆறு நன்றாக இருக்கிறது என்று நம்மை ஏமாற்றுகிறது. காவிரியில் இப்படி நடப்பது முதல் முறையும் இல்லை. கங்கையிலும் கோதாவரியிலும் வாழ்ந்த கட்லா போன்ற பெருங்கெண்டைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே காவிரியில் விடப்படுகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபி அணைகளில் நிறைந்திருக்கிறது. சந்தையில் கூடை நிரம்பியிருப்பதைப் பார்த்து ஆற்றின் நலத்தைக் கணிப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. கூடையில் எது இல்லை என்று பார்ப்பவருக்கே தெரியும்.

அப்படியானால் திமில் மீனையே பண்ணையில் பொரித்து விடலாமே என்பது அடுத்த யோசனை. இப்போது பலரும் சொல்வதும் இதுதான். கொள்கையளவில் நான் இதற்கு எதிரி இல்லை. அழியும் தறுவாயில் உள்ள உயிரைக் காப்பகத்தில் வளர்ப்பது கடைசிப் பாதுகாப்பாக அமையலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது. பண்ணை நடத்தச் சினை மீன் வேண்டும். அது மாயாறு போன்ற எஞ்சிய ஓரிரு இடங்களிலிருந்துதான் வர வேண்டும். எண்ணிக்கை குறைந்த கூட்டத்திலிருந்து முதிர்ந்த பெண் மீன்களை எடுப்பது ஆற்றில் பிறக்கவிருந்த தலைமுறையைக் கடன் வாங்குவதாகும். நாலைந்து தாய் மீன்களின் பிள்ளைகள் மட்டும் லட்சக்கணக்கில் ஆற்றில் விடப்பட்டால் மரபணு வளம் சுருங்கிவிடும். கலப்பு நடந்திருந்தால், தாய் மீன் தூய திமில் இனமா என்று ஆய்வகத்தில் சோதிக்காமல் பண்ணையில் ஏற்றக் கூடாது. இவற்றுக்கெல்லாம் வழி கண்டுவிடலாம். வழியில்லாதது வேறொன்று: பொரித்த குஞ்சை எங்கே விடுவது? முட்டையிடும் தரை அழிந்து, விருந்தாளி மீன் நிறைந்து, இரவில் வெடி வெடிக்கும் ஆற்றில் விட்டால் விட்ட குஞ்சின் எண்ணிக்கை மட்டும் ஆண்டறிக்கையில் ஏறும். ஆற்றில் மீன்குஞ்சு விடும் திட்டத்தைப் பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் இப்போது நடத்துகிறார்கள். பிடித்து உண்பவரின் வாழ்வாதாரத்துக்கு அது உதவும் இடங்கள் உண்டு. அதை இன மீட்புத் திட்டமாக நினைத்துக்கொள்வதுதான் தவறு. எத்தனை லட்சம் விட்டோம் என்பதை வைத்து வெற்றியை அளந்த பழக்கம்தான் காவிரியில் நம்மைக் கவிழ்த்தது.

பிடித்து விடும் தூண்டில் விளையாட்டைப் பற்றியும் நேராகப் பேசியாக வேண்டும். 2012-ல், காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தின்படி காவிரி முகாம்களில் அது நிறுத்தப்பட்டது. உயிரைக் கொக்கியில் மாட்டி இழுத்து மகிழ்வது தகாது என்பவர்களின் அறவுணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முகாம்களில் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் வேலை செய்த உள்ளூர்க்காரர்களில் முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்களும் இருந்தார்கள். மீன் உயிரோடு இருந்தால்தான் சம்பளம் என்றானபோது அவர்களே பரிசலில் இரவுக் காவல் போனார்கள். முகாம் போனதும் அந்தக் காவலும் போயிற்று, ஆண்டுதோறும் எழுதப்பட்ட கணக்கும் நின்றது. சரணாலயத்தில் தூண்டிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. தடை விதித்தவர்கள், அது கூடவே கொடுத்துவந்த காவலுக்கும் கணக்குக்கும் மாற்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறேன். முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. துங்கா ஆற்றில் சிருங்கேரி மடத்துப் படித்துறையில் மகசீர்களை யாரும் தொடுவதில்லை. பொரியும் அரிசியும் போடுகிறார்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் ‘தகால்’ என்ற ஏற்பாட்டின்படி ஊர் கூடி ஆற்றின் ஒரு பகுதியை மீன்பிடிக்கு மூடிவைக்கிறது; ஊரே முடிவு செய்து திறந்து பங்கிட்டுக்கொள்கிறது. இரண்டிலும் காவல் செய்பவர் கரையிலேயே வாழ்பவர்.

எஞ்சிய நம்பிக்கையில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. நீலகிரியில் பைக்காராவாகப் புறப்பட்டு, தெப்பக்காடு வழியாக முதுமலையைக் கடந்து, செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கி, தெங்குமரஹாடாவைத் தொட்டுப் பவானிசாகரில் சேரும் மாயாறுதான் இன்று திமில் மகசீருக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம். இருபுறமும் புலிகள் காப்பகம். முதுமலையும் சத்தியமங்கலமும் புலிக்காகக் காக்கப்படுவதால் மீனுக்கும் தற்செயலாக நிழல் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆற்றின் நீர் காப்பகத்தின் கையில் இல்லை. 1930-களில் தொடங்கிய பைக்காரா மின் திட்டமும் அதைத் தொடர்ந்து வந்த மாயாறு மின் நிலையமும் மின்தேவைக்கு ஏற்பத் திறக்கும் தண்ணீர்தான் கீழே ஓடுகிறது. சில மணி நேரத்தில் மட்டம் உயர்வதும் இறங்குவதும் கரையோரக் கூழாங்கல்லில் இட்ட முட்டையைக் காயவைத்துவிடக்கூடும். புலிக்குக் கணக்கெடுப்பு உண்டு, யானைக்கு உண்டு. ஆற்றின் நடுவே வாழும் இந்த உயிருக்கு அதேபோல ஒழுங்கான கணக்கெடுப்பு வனத்துறையின் வழக்கமான பணியாக வேண்டும். மாயாற்றிலும் பவானிசாகர் நீர்ப்பிடிப்பிலும் பண்ணை மகசீர் எதையும் விடக் கூடாது என்று மீன்வளத் துறை எழுத்தில் ஆணையிட வேண்டும். அமராவதியின் மேல்பகுதியும் பாம்பாறும் கேரளத்தோடு பகிர்ந்தவை என்பதால் இதில் இரு மாநிலமும் ஒரே விதியைப் பின்பற்றினால்தான் பலன்.

கர்நாடகப் பகுதியில் நிலைமை வேறு. மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டும் திட்டம் நிறைவேறினால் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலம் மூழ்கும். அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயத்துக் காடு. மகசீர் வாழ்ந்த பாறையும் மடுவும் வேகநீரும் கொண்ட ஆற்றுப் பகுதியின் கணிசமான பங்கு அசையா நீரின் அடியில் போய்விடும். தனக்குரிய நீரின் பங்கு குறையும் என்று தமிழ்நாடு எதிர்க்கிறது, பெங்களூருக்குக் குடிநீர் வேண்டும் என்று கர்நாடகம் வாதாடுகிறது. இரண்டும் மனிதரின் தேவையைப் பற்றிய நேர்மையான கவலைகள். ஆனால் நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் கன அடியும் டி.எம்.சி.யும் மட்டும் பேசப்படும்போது, அந்தத் தண்ணீருக்குள் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் வாழ்கிறது என்ற செய்தி இரண்டு தரப்பு வாதத்திலும் இடம் பெறுவதில்லை. இரு மாநிலமும் சேர்ந்து ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்றாக அது இருக்க முடியும். மழைக்காலத்தின் தொடக்கத்தில், மீன் மேலேறும் வாரங்களில், எவ்வளவு நீர் தடையின்றி ஓட வேண்டும் என்பதை இப்போதுள்ள அணைகளின் இயக்க விதியிலேயே எழுதலாம். அதற்குப் புதிய கட்டுமானம் எதுவும் வேண்டாம்.

உடனடியாகச் செய்யக்கூடியவை செலவு குறைந்தவையும்கூட. காவிரிப் படுகையின் எந்த ஆற்றிலும் நீலத் துடுப்பு மகசீரையோ வடக்கத்தி மகசீரையோ விடுவதை மூன்று மாநில மீன்வளத் துறைகளும் நிறுத்த வேண்டும். அரசுப் பதிவேடுகளில் மகசீர் என்று ஒரே வரியில் எழுதுவதை விட்டு இனவாரியாக எழுத வேண்டும். துடுப்பின் நிறமும் முதுகின் வளைவும் தெரிந்த வலைஞரால் பார்த்தவுடன் சொல்லிவிட முடிகிற வேறுபாடு இது, ஐயம் வந்தால் துடுப்பின் ஒரு துணுக்கை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் மரபணுவே சொல்லிவிடும். மாயாற்றங்கரையில் ஆற்றை நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து காவலர்களை அமர்த்தி, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சிறு மீன் எத்தனை தென்படுகிறது என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது 50 கிலோ மீன் இருக்கிறதா என்பதை அன்று. விரல் நீளத்தில், செம்மஞ்சள் வாலோடு, அந்த ஆண்டு பிறந்த குஞ்சு இருக்கிறதா என்பதை.